இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில ஸ்பெல்லிங்கை எந்த வரிசையில் கற்பிப்பது?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்துச் சிற்றூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய ஓர் எல்.பி. பள்ளியின் (கீழ்நிலைத் தொடக்கப்பள்ளியின்) தமிழ் வழிப் பிரிவில் இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். கடைவீதியிலும் பேருந்திலும் மலையாளம் கேட்கிறார்கள். பள்ளியில் இரண்டையும் எழுதவும் படிக்கவும் கற்கிறார்கள். ஆகவே ஆங்கிலம் அவர்கள் கையில் வந்து சேரும் மூன்றாவது எழுத்துமுறை.

கேள்விக்குப் போகும் முன் ஒரு விளக்கம். ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலேயே இங்கே குறிக்கிறேன். பந்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைப் பி என்றும், பேனாவுக்கான சொல்லின் முதலெழுத்தைப் பீ என்றும், நாய்க்கான சொல்லில் முதலில் வருவதை டி என்றும், தேநீருக்கான சொல்லில் முதலில் வருவதை டீ என்றும் எழுதுகிறேன். பதில் எழுதுபவர்களும் இதே முறையைப் பின்பற்றினால் குழப்பம் இராது.

எங்கள் வகுப்பில் பிள்ளைகள் எழுத்துகளின் பெயரைச் சொல்லி ராகம் போட்டு ஒப்பிக்கும்போது ஒரு பிழையும் வருவதில்லை. அதே சொல்லை மறுநாள் ஒரு வாக்கியத்தின் நடுவில் வைத்துச் சொல்வதை எழுதச் சொன்னால், ஒப்பித்தது எங்கே போயிற்று என்றே தெரிவதில்லை. பெரியது என்னும் பொருளில் வரும் பி-ஐ-ஜி என்பதைப் பீ-ஐ-கே என்று எழுதுகிறார்கள். பையைக் குறிக்கும் பி-ஏ-ஜி, பி-ஈ-கே ஆகிவிடுகிறது. பாலுக்கு எம்-ஐ-எல்-கே-யூ என்று கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்டுகிறார்கள். பள்ளிக்கு ஐ-எஸ்-கே-யூ-எல் என்று முன்னால் ஓர் எழுத்தைச் சேர்க்கிறார்கள். கேக்குக்குக் கே-ஈ-கே என்று எழுதுகிறார்கள். இவை ஒரு பிள்ளைக்கு மட்டும் உரிய பிழைகள் அல்ல. நோட்டுக்கு நோட்டு இதே வடிவில் வருகின்றன. அதனால்தான் கவனக்குறைவு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

எழுத்தமைப்புகளை எந்த வரிசையில் அறிமுகப்படுத்துவது? ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே அதன் உச்சரிப்பைத் தமிழில் அச்சிட்ட சிறு புத்தகங்களைப் பெற்றோர் ஆர்வத்தோடு வாங்கித் தருகிறார்கள். அவற்றை வகுப்பில் அனுமதிக்கலாமா? மலையாளம் தெரிந்திருப்பது இதில் துணையா, இடையூறா? நோட்டைத் திருத்தும் முறையையும் யாராவது சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நகரி, ஓய்வுபெற்ற ஆசிரியை:

அன்புள்ள டீச்சருக்கு வணக்கம். ஆந்திர எல்லையில், தமிழ் பேசும் வீடுகளிலிருந்து வந்து தெலுங்கும் ஆங்கிலமும் கற்கும் பிள்ளைகளோடுதான் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. நீங்கள் எழுதிய பட்டியல் எனக்கு மிகவும் பழக்கமானது. உங்கள் பிள்ளைகள் காதில் விழுந்ததைத் தமிழ்க் காதால் கேட்டு அப்படியே எழுதுகிறார்கள். அந்த வகையில் அவர்கள் எழுதியவை ஒவ்வொன்றும் காரணம் உள்ள விடைகள்.

பம்பரம் என்னும் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் ஒரே பகரம்தான். ஆனால் முதலில் வல்லோசையாகவும் மகர ஒற்றுக்குப் பின் மெல்லிய அதிர்வோடும் ஒலிக்கிறது. எந்த இடத்தில் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதைத் தமிழில் இடமே தீர்மானித்துவிடுவதால் தனித்தனி எழுத்து நமக்குத் தேவைப்படவில்லை. ஆங்கிலத்திலோ அந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். பீ-ஐ-என் என்றால் குண்டூசி, பி-ஐ-என் என்றால் தொட்டி. எனவே ஜி எழுத வேண்டிய இடத்தில் கே எழுதும் பிள்ளைக்கு ஸ்பெல்லிங்கை நூறு முறை எழுத வைப்பதால் பயன் இல்லை. அந்த இரண்டு ஒலிகளும் வேறு என்று அதன் காது இன்னும் பிரித்துக் கேட்கவில்லை.

இங்குதான் மலையாளம் உங்களுக்குப் பெருந்துணை. மலையாளத்திலும் தெலுங்கிலும் ஒவ்வொரு வர்க்கத்திலும், அதாவது ஒரே இடத்தில் பிறக்கும் ஐந்து மெய்களின் வரிசையிலும், மூன்றாம் எழுத்து இந்த அதிர்வொலிக்கு என்றே இருக்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை அவற்றைப் பெரும்பாலும் எழுதப் பழகியிருக்கும். "இந்தச் சொல்லின் கடைசி ஒலியை மலையாளத்தில் எந்த எழுத்தால் எழுதுவாய்?" என்று கேளுங்கள். வர்க்கத்தின் முதல் எழுத்தா, மூன்றாம் எழுத்தா என்று பிள்ளை யோசிக்கத் தொடங்கிய கணத்தில் கேயும் ஜியும் தாமாகப் பிரிந்துவிடும். பீயும் பியும், டீயும் டியும் அவ்வாறே. தொண்டையில் விரலை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கச் செய்வதும் உதவும். எல்லைப் பகுதிப் பிள்ளைக்கு இது ஒரு வரப்பிரசாதம். தமிழ் மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு இந்தக் கைப்பிடி கிடைப்பதில்லை.

அந்தச் சிறு புத்தகங்களைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன்: வகுப்பில் வேண்டாம். ஒரு புத்தகத்தை எடுத்து ஆங்கில வரியை விரலால் மறைத்துவிட்டுத் தமிழ் வரியை மட்டும் படித்துப் பாருங்கள். பேக் என்று இருக்கும். அது பையா, முதுகா, அடுப்பில் ரொட்டி சுடுவதா? பி-ஏ-ஜி, பி-ஏ-சி-கே, பி-ஏ-கே-ஈ ஆகிய மூன்றுக்கும் தமிழில் இந்த ஒரே வடிவம்தான். கேட் என்று இருந்தால் அது பூனையாகவும் இருக்கலாம், வாசற்கதவாகவும் இருக்கலாம். பூனைக்கான சொல்லில் வரும் குறுகிய ஏ ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. மலையாளத்தார் அதே ஒலியைப் பல சொற்களில் நெடில் ஆகாரமாகவும், தெலுங்கர் யகரம் சேர்த்தும் எழுதுகிறார்கள். ஆக மூன்று மொழியின் எழுத்தும் அதைச் சரியாகக் காட்டுவதில்லை. வர்க்க எழுத்து விஷயத்தில் மலையாளத்தை நம்புங்கள். இந்த உயிரொலிக்கு மட்டும் உங்கள் குரலையே நம்புங்கள்.

ஆங்கிலத்துக்கு எழுத்து 26, ஒலிகளோ ஏறத்தாழ 44. அவற்றில் உயிரொலிகள் மட்டுமே இருபதை ஒட்டி வரும், அத்தனையையும் ஐந்து உயிரெழுத்துகளும் ஒய்யும் சில கூட்டுகளும் சுமக்கின்றன. நம் பிள்ளைகள் தடுமாறுவதில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான்.

அடுத்து, சொல்லை ஒலிகளாகப் பிரிக்கும் பயிற்சி. தமிழ் எழுத்து அசையை ஒட்டியது. பே என்பது பார்வைக்கு ஒரே எழுத்து, அதனால் பிள்ளைக்கு அது ஒரே துண்டு. ஆனால் ப் என்னும் மெய்யோடு ஏ என்னும் உயிர் சேர்ந்து பே ஆகிறது என்பதைத் தமிழ் வகுப்பில் அதே பிள்ளை கற்றிருக்கிறது. உயிர்மெய்யைப் பிரிக்கும் அந்தப் பாடத்தை ஆங்கில வகுப்புக்குள் அழைத்து வாருங்கள். சிலேட்டில் மூன்று கட்டம் வரைந்து, மூன்று புளியங்கொட்டைகளைக் கையில் கொடுத்து, சொல்லை மெதுவாகச் சொல்லச் சொல்ல, ஓர் ஒலிக்கு ஒரு கொட்டை என்று கட்டத்துக்குள் தள்ளச் சொல்லுங்கள். சோவியத் உளவியலாளர் எல்கோனின் வகுத்த முறை இது. கொட்டைகளைத் தள்ளி முடித்த பிறகே அந்தக் கட்டங்களில் எழுத்துகளை எழுத வேண்டும். கப்பலுக்கான எஸ்-எச்-ஐ-பீ என்னும் சொல்லுக்கு எழுத்து நான்கு, கட்டம் மூன்று. எஸ்ஸும் எச்சும் ஒரே கட்டத்தில் சேர்ந்து உட்காரும். பாலுக்கான சொல்லுக்கு நான்கு கட்டம் மட்டும் வரையுங்கள். கடைசியில் பிள்ளை சேர்க்கும் உகரத்துக்கு இடமே இராது. தமிழில் வல்லின மெய்யில் சொல் முடிவதில்லை என்பதால்தான் அந்த உகரம் வருகிறது. பள்ளிக்கான சொல்லின் முன் வரும் இகரமும் அப்படியே. தமிழ்ச் சொல் இரண்டு மெய்களோடு தொடங்காது.

எழுத்துகளின் வரிசைக்கு: இங்கிலாந்தில் ஒலிவழி கற்பிக்கும் பல திட்டங்கள் எஸ், ஏ, டீ, பீ, ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளில் தொடங்குகின்றன. இந்த ஆறை வைத்தே உட்கார், ஊசி, தகரம், தட்டு, குழாய், எறும்பு என்று பல சொற்களை எழுதிவிட முடியும். நம் பிள்ளைகளுக்கு இது இன்னொரு வகையிலும் ஏற்றது. பீயும் டீயும் முதலில் வந்து நிலைபெற்ற பிறகு பல நாள் இடைவெளி விட்டே பியையும் டியையும் கொண்டுவர முடிகிறது. நான்கையும் ஒரே வாரத்தில் கொடுத்தால் ஓசையிலும் குழப்பம், கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கும் பி, டி வடிவத்திலும் குழப்பம்.

வாளையாறு, தொடக்கப்பள்ளி ஆசிரியர்:

அம்மா எழுதியதற்கு மேல் ஒலிப் பயிற்சி குறித்து நான் சேர்க்க ஒன்றுமில்லை. மூன்றெழுத்துச் சொற்கள் கைக்கு வந்த பிறகு எழுத்தமைப்புகளை எப்படித் தொடுப்பது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

டீச்சர் குறிப்பிட்ட கே-ஈ-கே என்னும் பிழையையே எடுத்துக்கொள்வோம். அதற்குள் மூன்று பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, ககர ஒலியைச் சொல்லின் தொடக்கத்தில் எதனால் எழுதுவது என்பது. அடுத்து வருவது ஏ, ஓ, யூ என்றால் பெரும்பாலும் சி. ஈ, ஐ என்றால் கே. பூனை, கட்டில், வெட்டு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் சியில் தொடங்குவதும், அரசனும் கெண்டியும் கேயில் தொடங்குவதும் இதனால்தான். சிக்குப் பின் ஈ, ஐ, ஒய் வந்தால் அது சகரமாக ஒலித்துவிடும். நகரம், சைக்கிள் ஆகியவற்றுக்கான சொற்கள் சான்று. இரண்டாவது, நடுவில் ஏ என்னும் எழுத்தின் பெயரே நெடிலாகக் கேட்கிறது, ஆகவே எழுத வேண்டியதும் ஏ. தமிழில் அதைக் கேட்கும் பிள்ளை ஈ எழுதுவது இயல்புதான், "எழுத்தின் பெயர் கேட்கிறதா?" என்ற ஒரு கேள்வியைப் பழக்கினால் போதும். மூன்றாவது, கடைசி ககரம். குறில் ஒலிக்குப் பின் ஒற்றையசைச் சொல்லில் அது சி-கே. முதுகு, கழுத்து, வாத்து ஆகியவற்றுக்கான சொற்களில் காண்கிறோம். நெடிலுக்குப் பின் கே வந்து, அதன்பின் ஒலிக்காத ஈ வரும். இம்மூன்றையும் அறிந்த பிள்ளை சி-ஏ-கே-ஈ என்று தானே கட்டி எழுதும். ஏரி, செய், பைக் ஆகியவற்றுக்கான சொற்களையும் மனப்பாடம் இன்றி எழுதும்.

ஒலிக்காத ஈயை அவசரப்பட்டுக் கொண்டுவர வேண்டாம். சி-ஏ-பீ தொப்பி, சி-ஏ-பீ-ஈ தோளங்கி. ஹெச்-ஓ-பீ தத்துதல், ஹெச்-ஓ-பீ-ஈ நம்பிக்கை என்று இணையாகவே எழுதி, கடைசி எழுத்தை ஓர் அட்டைத் துண்டால் மூடியும் திறந்தும் படிக்கச் செய்கிறேன். அட்டை நகர்ந்ததும் நடு எழுத்தின் ஒலி குறிலிலிருந்து நெடிலுக்கு மாறுவதைப் பிள்ளைகள் தாங்களே கண்டு சொல்ல வேண்டும்; நாம் விதியைச் சொல்லக் கூடாது. பிறகு ஒரு பிள்ளை, உண்டு என்னும் பொருளில் வரும் ஹெச்-ஏ-வி-ஈ மட்டும் ஏன் நீளவில்லை என்று கேட்கும். ஆங்கிலச் சொல் வியில் முடிவதில்லை என்ற வழக்கத்தால் அங்கே ஈ நிற்கிறது. கொடு, வாழ், அன்பு ஆகிய சொற்களும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே.

இரட்டை எழுத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழில் படு, பட்டு என்று ஒற்று இரட்டித்தால் ஒலியும் இரட்டிக்கும். ஆங்கிலத்தில் இரட்டை எழுத்து, தனக்கு முன்னால் உள்ள உயிர் குறில் என்பதற்கு அடையாளம். வாயில் அழுத்திச் சொல்ல வேண்டியது அல்ல. தத்துவதைக் குறிக்கும் சொல்லோடு ஐ-என்-ஜி சேரும்போது பீ இரட்டிப்பதும், நம்புவதைக் குறிக்கும் சொல்லில் ஒற்றையாகவே நிற்பதும் அதனால்தான். இதை மூன்றாம் வகுப்பின் இறுதிக்கு விட்டுவிடலாம். எஃப், எல், எஸ் ஆகியவை குறிலுக்குப் பின் இரட்டித்து வருவதை, மணி, குன்று, தவறவிடு என்ற பொருள் கொண்ட சொற்களைக் கொண்டு முன்பே காட்டிவிடலாம். பஸ் விலக்கு; அது ஆம்னிபஸ் என்பதன் வெட்டுண்ட வால் என்பதால் ஒற்றை எஸ்ஸோடு நின்றுவிட்டது. ஏ-ஐ நடுவில், ஏ-ஒய் கடைசியில் என்பது எளிது. மழையும் விளையாட்டும் போதும்.

ஒன்றில் நாம் பாக்கியசாலிகள். தெற்கு இங்கிலாந்துப் பிள்ளைக்குப் பண்ணை, பூங்கா ஆகிய சொற்களில் ஆர் காதில் விழாது. நம்மவர்கள் ஆரை நன்றாக உச்சரிப்பதால் எழுதும்போதும் அது விடுபடுவதில்லை.

நான்காம் வகுப்பில் கத்தி, முழங்கால், இரவு ஆகிய சொற்கள் வரும்போது ஒலிக்காத எழுத்துகளின் கதையைச் சொல்லுங்கள். கத்தியின் கேயும், இரவின் நடுவே வரும் ஜி-எச்சும் ஒரு காலத்தில் உண்மையாகவே உச்சரிக்கப்பட்டவை. இங்கிலாந்தின் முதல் அச்சாளரான காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் அமைத்த பிறகு எழுத்துவடிவம் மெல்ல மெல்ல உறைந்துபோக, பேச்சு அதன் போக்கில் மாறிக்கொண்டே சென்றது. கடனுக்கான சொல்லில் வரும் பியை இலத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காக அறிஞர்கள் பிற்பாடு செருகினார்கள். காரணம் தெரிந்த எழுத்தைப் பிள்ளை வெறுப்பதில்லை என்பது என் அனுபவம்.

மீனாட்சிபுரம், டியூஷன் ஆசிரியர்:

மூவருக்கும் வணக்கம். மாறுபட்ட கருத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் தலைமுறை நான்கு கோடு நோட்டில் எழுதி எழுதியே கற்றது. இன்று பிழையின்றி எழுதுகிறோம். விதி என்று ஒன்றைச் சொன்னால் விலக்கு அதன் பின்னாலேயே வந்து நிற்கிறது. சொன்னான், இருந்தது, ஒன்று, இரண்டு, அவர்களுடைய என்று ஒரு பிள்ளை ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுத வேண்டிய சொற்களே எந்த அமைப்புக்குள்ளும் அடங்காதவை. அவற்றை மனப்பாடம் செய்யாமல் வேறு வழி ஏது? மேலும் என்னிடம் மாலையில் வரும் பிள்ளைகளில் சிலர் கேரளப் பாடநூலும் சிலர் தமிழகப் பாடநூலும் படிப்பவர்கள். பாடத்தில் உள்ள சொல்லை வெள்ளிக்கிழமைத் தேர்வுக்குள் எழுத வைக்க வேண்டும் என்ற நெருக்கடியில், கட்டமும் கொட்டையுமாக உட்கார நேரம் எங்கே இருக்கிறது? எழுதிப் பழகுவதை அடியோடு கைவிடும் போக்கு வந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

மறையூர், தந்தை:

ஐயா, அம்மா, வணக்கம். என் மகள் மூன்றாம் வகுப்பு, மகன் முதல் வகுப்பு. எனக்கும் மனைவிக்கும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தமிழ் நன்றாக வாசிப்பேன். உச்சரிப்பைத் தமிழில் போட்ட புத்தகத்தை வாங்கிக் கொடுத்ததும், அதை வைத்துத்தான் நானும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதால்தான். அது வேண்டாம் என்றால் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் என்ன செய்வது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

நகரி, ஓய்வுபெற்ற ஆசிரியை:

மீனாட்சிபுரம் ஐயாவின் கவலை நியாயமானது. எழுதிப் பழகாமல் ஸ்பெல்லிங் வராது; எதை எழுதுகிறோம், எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எனக்கு வேறுபாடு. ஒரே சொல்லைப் பார்த்துப் பார்த்து வரிசையாக எழுதும்போது நான்காவது வரியிலேயே மனம் விலகிவிடுகிறது. கை மட்டும் ஓடுகிறது. அதைவிட, சொல்லைப் பார், வாய்விட்டுச் சொல், மூடு, நினைவிலிருந்து எழுது, திறந்து சரிபார் என்று மூன்று முறை செய்வது மேல். இதற்குத் தனி நேரம் தேவையில்லை. வெள்ளிக்கிழமைத் தேர்வுச் சொற்களையே இப்படிச் செய்யலாம்.

அடங்காத சொற்கள் என்று ஐயா சொன்னவையும் முழுதாக அடங்காதவை அல்ல. சொன்னான் என்பதற்கான எஸ்-ஏ-ஐ-டி என்னும் சொல்லில் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் ஒலிப்படியே இருக்கின்றன. நடுவில் உள்ள ஏ-ஐ மட்டுமே மனத்தில் வைக்க வேண்டியது. அதை மட்டும் வண்ணப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். சொல், செலுத்து, கிடத்து என்ற பொருளில் வரும் மூன்று சொற்களும் ஏ-ஒய்யில் முடிந்து, இறந்தகாலத்தில் மூன்றுமே ஏ-ஐ-டி ஆகின்றன. எழுத்தில் அவை ஒரே குடும்பம். ஒலியில் மட்டும் ஒன்று விலகிவிட்டது. இருந்தது என்பதற்கான டபிள்யூ-ஏ-எஸ்ஸில் ஏ ஒகரம் போல ஒலிப்பதும் தனி வழக்கு அல்ல. விரும்பு, கழுவு, கடிகாரம், அன்னம் ஆகிய சொற்களிலும் டபிள்யூவுக்குப் பின் வரும் ஏ அப்படித்தான் ஒலிக்கிறது. இரண்டுக்கான சொல்லில் வரும் ஒலிக்காத டபிள்யூவை, இரட்டையர், இருமுறை, பன்னிரண்டு, இருபது ஆகியவற்றுக்கான சொற்களோடு சேர்த்து எழுதிக் காட்டுங்கள். எல்லாம் டீ-டபிள்யூவில் தொடங்குவது கண்ணில் படும். முழுச் சொல்லையும் விழுங்க வேண்டிய சுமை இப்படித்தான் குறைகிறது.

மறையூர் ஐயாவுக்கு: நீங்கள் ஆங்கிலம் கற்பிக்க வேண்டியதில்லை, கேட்பவராக இருந்தால் போதும். மகனிடம் தமிழ்ச் சொற்களையே சொல்லி, முதலில் என்ன ஒலி கேட்கிறது, கடைசியில் என்ன ஒலி கேட்கிறது என்று கேளுங்கள். பல், கல், மண், கண் போன்ற சிறிய சொற்கள் போதும். சொல்லை ஒலிகளாகப் பிரிக்கும் பழக்கத்தை ஒரு மொழியில் பெற்ற பிள்ளைக்கு அது மற்ற மொழியிலும் கைகொடுக்கும். மகளுக்கு வீட்டில் இருக்கும் உறைகளே பாடநூல். பால் உறையில் உள்ள எம்-ஐ-எல்-கேயில் எத்தனை எழுத்து, எத்தனை ஒலி என்று அவள் எண்ணிச் சொல்லட்டும், நான்குக்கு நான்கு. சோப்பு உறையில் எஸ்-ஓ-ஏ-பீ என்று நான்கு எழுத்து இருக்கும், ஒலி மூன்றுதான். நடுவில் இரண்டு எழுத்து சேர்ந்து ஓர் ஒலி தருகிறது. உங்கள் பகுதியில் தேயிலைக்குப் பஞ்சம் இல்லை. தேநீருக்கான டீ-ஈ-ஏ, இலைக்கான எல்-ஈ-ஏ-எஃப் இரண்டையும் அடுத்தடுத்து எழுதச் சொல்லி, பொதுவாக இருக்கும் இரண்டு எழுத்துகளைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு உண், படி, கடல் என்று அதே குடும்பத்துச் சொற்களை அவளே பாடநூலில் தேடிக் கொண்டுவரட்டும். அவள் விளக்க விளக்க, நீங்கள் "ஏன்?" என்று கேளுங்கள். ஆங்கிலம் தெரியாத தகப்பன் கேட்கும் அந்தக் கேள்வி, தெரிந்தவர் சொல்லும் விடையைவிட அவளுக்கு அதிகம் கற்றுத்தரும். உச்சரிப்பில் ஐயம் வந்தால் டீச்சரிடம் கேட்டு வரச் சொல்லிவிடுங்கள். தமிழில் எழுதிய வரியை நம்ப வேண்டாம்.

கடைசியாக, திருத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள் டீச்சர். பீ-ஐ-கே என்று எழுதிய பிள்ளையின் சொல்லுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டால், மூன்றும் தவறு என்று அது எண்ணிக்கொள்ளும். உண்மையில் ஒலிகளின் எண்ணிக்கை சரி, வரிசை சரி, உயிரெழுத்தும் சரி. சரியான இடங்களுக்கு மேலே சிறிய டிக் போட்டு, மற்ற இரண்டின் கீழே ஒரு புள்ளி மட்டும் வைத்துவிட்டு, "மலையாளத்தில் இங்கே எந்த எழுத்து?" என்று கேளுங்கள், பெரும்பாலும் பிள்ளையே மாற்றி எழுதிவிடும். குதித்தான் என்பதற்கு ஜே-யூ-எம்-பீ-டீ என்று எழுதும் பிள்ளைக்குக் காது மிக நன்றாக இருக்கிறது. அதைப் பாராட்டிய பிறகே, இறந்தகால விகுதி டகரமாக ஒலித்தாலும் அதிர்ந்து ஒலித்தாலும் இட் என்று ஒலித்தாலும் எழுத்தில் ஈ-டி என்றே நிற்கும் என்பதைக் குதித்தான், விளையாடினான், விரும்பினான் என்ற மூன்று சொற்களால் காட்டுங்கள். உங்களுக்கென ஒரு தாளில் பிழைகளை வகைப்படுத்தி வையுங்கள்: அதிர்வொலி, குறில் நெடில், கூடுதல் உயிர், எழுத்தமைப்பு என்று நான்கு பத்திகள் போதும். எந்தப் பத்தியில் பெயர்கள் கூடுகின்றனவோ, மறுநாள் முதல் பத்து நிமிடம் அதற்கே.